சேலத்திலிருந்து குமரி மாவட்டம்: முனையைத் தாண்டி எந்தெந்த ஊர்களைப் பார்க்கலாம்?

கேள்வி: கன்னங்குறிச்சி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். வரும் காலாண்டு விடுமுறையில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் செல்ல எண்ணியுள்ளேன். கடலே இல்லாத மாவட்டத்தில் வளர்ந்த என் பிள்ளைகளுக்குப் பெரிய நீர்ப்பரப்பு என்றால் மேட்டூர் அணைதான்; அவர்களுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்பது முதல் ஆசை.

ஆனால் இதற்கு முன் இரண்டு முறை நான் அங்கே சென்றிருக்கிறேன். இரண்டு முறையும் விடியற்காலையில் சூரிய உதயம், பிறகு படகில் விவேகானந்தர் பாறை, கடைத்தெருவில் சங்கும் சோழியும், மாலையில் திரும்புதல் என்று ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஒரு மாவட்டத்தின் பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு வந்ததைப் போன்ற குறை மனத்தில் இருக்கிறது. அந்த மாவட்டம் 1956 வரை முதலில் திருவிதாங்கூருடனும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துடனும் இருந்தது என்பதும், மேற்கே கேரள எல்லை வரை பழைய அரண்மனையும் கோட்டைகளும் கோயில்களும் இருக்கின்றன என்பதும் தெரியும். எதை முதலில் பார்ப்பது, எங்கே தங்குவது, எதை விட்டுவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் தெரியவில்லை.

மூன்று முழு நாட்கள் இருக்கின்றன. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மெதுவாக நடப்பார், செங்குத்தான படிகள் ஆகாது. மகள் எட்டாம் வகுப்பு. கல்வெட்டு, பழைய கட்டடம் என்றால் நின்று பார்ப்பாள். மகனுக்கு ஒன்பது வயது. அவனை ஓரிடத்தில் நிற்க வைப்பதே கடினம். சென்று வந்தவர்களும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: அழகாபுரம் ஆசிரியை

ஐயா, நான் தக்கலைப் பக்கம் பிறந்தவள். திருமணமாகிச் சேலத்துக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எங்கள் மாவட்டத்துக்குச் செல்லும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் குமரி முனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தங்குமிடம். கன்னியாகுமரியில் தங்க வேண்டாம், நாகர்கோவிலில் தங்குங்கள். பெங்களூரிலிருந்து சேலம் வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் இரவு ரயிலில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கிழக்கே முனைக்கும், மேற்கே எல்லையில் இருக்கும் களியக்காவிளை வரைக்கும் எந்த இடத்துக்குச் சென்றாலும் இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிட முடியும். முனையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்களையும் மேற்குப் பக்கத்துக்குக் கொடுங்கள். இந்த மாவட்டத்தின் வரலாறு பெரும்பாலும் நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் இடையிலுள்ள சாலையின் இருபுறமும்தான் இருக்கிறது.

அந்தச் சாலையில் தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே சென்றால் பத்மநாபபுரம் அரண்மனை. 1601 வாக்கில் தொடங்கி, பின்னால் வந்த அரசர்கள் ஒவ்வொருவரும் விரித்துக் கட்டிய அரண்மனை அது. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795 வாக்கில் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. கட்டடம் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. வாயிலில் நுழைந்ததும் உங்கள் மகள் இந்த முரணைப் பற்றிக் கேட்பாள். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

அரண்மனை என்றதும் கல்லும் பளிங்கும் நினைவுக்கு வரும். இங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் மரம். முகப்பு மண்டபத்தில் நுழைந்தவுடன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். தொண்ணூறு மலர்கள் செதுக்கப்பட்டிருக்கும், ஒன்றைப் போல் மற்றொன்று இராது. அங்கேயே சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கு ஒன்று உண்டு. எந்தத் திசையில் திருப்பி விட்டாலும் அது அந்தத் திசையிலேயே நிற்கும். உங்கள் மகன் அசையாமல் நிற்கப்போவது அந்த ஓரிடத்தில்தான். தாய்க்கொட்டாரம் என்னும் பகுதியில் ஒரே பலாமரத்தில் கடைந்தெடுத்த தூண் இருக்கிறது. அதில் கை வைக்க விடமாட்டார்கள், ஆனால் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தாலே உளியின் போக்கு தெரியும். தரையோ கறுப்புக் கண்ணாடி போல மின்னும். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து மெழுகிய தரை என்று சொல்வார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தத் தரையில் வெறுங்காலுடன் நடக்கும்போது நடுமதியத்திலும் உள்ளங்காலில் ஏறும் குளிர்ச்சி சிறுவயதிலிருந்து என் நினைவில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு செய்தி: உள்ளே குறுகிய மரப்படிகள் சில உண்டு. மேல்மாடிகளைத் தவிர்த்துவிட்டுக் கீழ்க்கட்டுகளையும் முற்றங்களையும் பார்த்தாலே அவருக்கு நிறைவாக இருக்கும்.

காலாண்டு விடுமுறை நவராத்திரியை ஒட்டி வரும் காலம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைநகரம் திருவனந்தபுரத்துக்குச் சென்ற பிறகும், ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பாக இந்த அரண்மனையிலுள்ள தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அரசரின் உடைவாளும் உடன் செல்லும். முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் நகருக்குள் நுழைவார்கள். எல்லையில் இரு மாநிலக் காவல்துறையினரும் மரியாதை செலுத்துவார்கள். வரைபடத்தில் கோடு மாறி எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தத் தெய்வங்களின் பாதை மாறவில்லை. உங்கள் பயண நாட்கள் அதனுடன் பொருந்தினால் சாலையோரத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தாவது பாருங்கள்.

இரண்டாம் நாளுக்குத் திருவட்டாறும் மாத்தூரும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட திருமேனி; கல்லில் வடித்ததன்று, கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் ஆனது. அதனால்தான் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. நம்மாழ்வார் பாடிய தலம். 2022 ஜூலை 6 அன்று, 418 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே குடமுழுக்கு நடந்தது. சுற்றுப்பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் பாவை விளக்குத் தூண்களை அம்மா நிதானமாகப் பார்த்து வரட்டும்.

அங்கிருந்து மிக அருகில் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் பள்ளத்தாக்கின் மேல் ஒரு மலையிலிருந்து மறுமலைக்குப் பாசனநீரைக் கொண்டு செல்வதற்காகக் காமராசர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966 இல் கட்டிமுடிக்கப்பட்டது. 28 தூண்கள், 115 அடி உயரம். நீர் ஓடும் தொட்டியின் மேல் போட்ட கான்கிரீட் பலகைகளின் மீதுதான் நாம் நடப்போம். இடைவெளியில் குனிந்தால் காலுக்குக் கீழே நீர் ஓடுவது தெரியும், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் தென்னை மரங்களின் உச்சி நமக்குக் கீழே இருக்கும். மேட்டூரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நீரைத் தேக்குவது புதிதன்று. நீரை வானத்தில் நடத்திச் செல்வதை இங்கே காட்டுங்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்குதான் அங்கே மரச்சீனி. அவித்த மரச்சீனியும் மீன்குழம்பும் அங்கே சிற்றுண்டிக் கடைகளிலும் கிடைக்கும். மட்டிப்பழத்தைத் தவறாமல் வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், மணம் அறை முழுக்க நிற்கும்.


மறுமொழி: ஏற்காடு, நாகலூர்

ஆசிரியை அம்மா எழுதியதில் விட்டுப்போனவற்றை மட்டும் சேர்க்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் மதியம் ஒரு மணி நேரம் மூடியிருக்கும். நான் குடும்பத்துடன் சென்றபோது பயண ஏற்பாட்டாளர் ஒருவர் போட்டுக்கொடுத்த நிரலை அப்படியே நம்பித் திங்கட்கிழமை காலையில் வாயிலில் போய் நின்றேன். பூட்டிய கதவின் முன் என் தந்தையார் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவருக்கு மறுபடி அங்கே செல்லும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. நாட்களை முடிவு செய்யும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

சுசீந்திரத்திலும் திருவட்டாற்றிலும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் செல்ல வேண்டும். வேட்டியும் துண்டும் எடுத்துச் செல்வது வசதி. குமரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவங்களிலும் மழை உண்டு. ஏற்காட்டு மழைக்குப் பழகியவன் என்றாலும் அங்கே குடையில்லாமல் நனைந்திருக்கிறேன்.

சிதறாலையும் உங்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான். மலை என்றவுடன் அம்மாவுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கல் பாவிய சாய்வான பாதை. செங்குத்து இல்லை, ஆங்காங்கே உட்கார்ந்து செல்லலாம். காலை எட்டு மணிக்கு முன் ஏறத் தொடங்கினால் வெயில் தெரியாது. என் அத்தை எழுபது வயதில் ஏறினார்.


மறுமொழி: சங்ககிரிக்காரர்

கோட்டையின் நிழலில் வளர்ந்தவன் என்பதால் கோட்டைகளைப் பற்றி எழுதுகிறேன். நம் சங்ககிரியில் வாயில் வாயிலாக ஏறிச் சென்று, 1805 இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மண் இது என்று நிற்கும்போது வரும் உணர்வு, புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையில் எனக்கு வேறொரு விதமாக வந்தது. அது தக்கலைக்கு முன்பாகவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பலரும் அரண்மனைக்குச் செல்லும் அவசரத்தில் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

1741 இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்டவர்மர் தோற்கடித்தார். அங்கே சிறைப்பட்டவர்களுள் ஒருவர் டிலனாய் என்னும் தளபதி. கைதியாக வந்தவர் அதே அரசரின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிப்பவராக மாறினார். உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லில் புதுப்பித்துக் கட்டியதும், அங்கே பீரங்கி வார்க்கும் உலை அமைத்ததும் அவருடைய மேற்பார்வையில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருவிதாங்கூருக்கு உழைத்து 1777 இல் இறந்தார். கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிறிய தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லறைப் பலகையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. உங்கள் மகளை அந்தத் தமிழ் வரிகளுக்கு முன் நிறுத்துங்கள். எங்கோ ஐரோப்பாவில் பிறந்து, போர் செய்ய வந்து, தோற்று, தோற்கடித்தவருக்கே பணிபுரிந்து, இந்த மண்ணில் அடங்கிய ஒருவரின் வாழ்க்கை அந்தக் கல்லில் இருக்கிறது.

அதே கோட்டையில் டிலனாயுடன் பழகிக் கிறிஸ்தவம் தழுவியவர்தான் நீலகண்ட பிள்ளை என்ற தேவசகாயம். 1752 இல் ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். நாகர்கோவிலில் தங்குவதாக இருந்தால் கோட்டாறு உங்களுக்கு நடை தூரம் போலத்தான்.

குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் ஒன்று உண்டு. உண்மையைச் சொன்னால், அதைப் பார்ப்பதற்கென்று தனியாக நாளை ஒதுக்க வேண்டாம். முட்டம் கடற்கரைக்குச் செல்லும்போது நேரமிருந்தால் பார்க்கலாம். வட்டக்கோட்டையை மட்டும் விடாதீர்கள். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கற் கோட்டை. மேலே ஏறுவதற்குப் படிகளுக்குப் பதிலாக அகலமான சாய்தளமே இருப்பதால் அம்மாவுக்கும் ஏற்றது. மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள். நம் சேர்வராயன் மலையை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு, மலையும் கடலும் ஒரே பார்வையில் அடங்குவது விவரிக்க முடியாத மகிழ்ச்சியைத் தரும். உங்கள் பிள்ளைகளுக்கு முதல் கடலை அங்கிருந்து காட்டலாம்.


மறுமொழி: கன்னங்குறிச்சி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். சிதறாலில் கல்வெட்டு இருக்கிறதா, சுசீந்திரத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொல்கிறாள். 1956 இணைப்பைப் பற்றி அம்மாவுக்கும் அறிய ஆவல். அவருடைய தந்தையார் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசுவாராம்.


மறுமொழி: அழகாபுரம் ஆசிரியை

குழந்தைக்கு என் அன்பு. சிதறாலில் கல்வெட்டு இருக்கிறது; அவளுக்கு மிகவும் பிடிக்கும் கல்வெட்டு. அந்த மலையின் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சமணத் துறவியரான சாரணர்கள் வாழ்ந்த இடம். பாறையின் நெற்றியில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். இப்பகுதியை ஆண்ட ஆய் குல அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28 ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் இங்கிருந்த பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் அளித்த செய்தி அதில் இருக்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண், மாணவியாகக் கற்று, குரத்தி என்று மதிக்கப்பட்டு, தன் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறார். ஆசிரியராக முப்பது ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு அந்தப் பாறைதான் மாவட்டத்திலேயே முதன்மையான இடம். பிற்காலத்தில் அது பகவதி கோயிலாக மாறியது. பக்கத்துச் சுவரில் தீர்த்தங்கரரும் கருவறையில் அம்மனும் இன்றும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

நேரம் கிடைத்தால் அங்கிருந்து முஞ்சிறைப் பக்கம் பார்த்திவசேகரபுரத்துக்கும் செல்லலாம். ஆய் அரசன் கருநந்தடக்கன் 866 வாக்கில் அங்கே கோயில் கட்டி, காந்தளூர்ச் சாலை என்னும் பழைய கல்விக்கூடத்தைப் போலவே 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்கும் கல்விச்சாலை ஒன்றை ஏற்படுத்தியதைச் செப்பேடு கூறுகிறது. அமைதியான சிறிய கோயில், கூட்டம் இராது.

சுசீந்திரத்துக்கு வருவோம். தாணு என்னும் சிவன், மால் என்னும் திருமால், அயன் என்னும் பிரமன் மூவரும் ஒரே திருவுருவாய் விளங்குவதால் தாணுமாலயன் கோயில். நம் தாரமங்கலத்தில், வாலியின் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியாமலும் இராமன் இடத்திலிருந்து வாலி தெரியும்படியும் சிற்பியர் செய்த நுட்பத்தை உங்கள் மகள் பார்த்திருந்தால், இங்கே ஒரே கல்லில் குடைந்தெடுத்த இசைத்தூண்களின் முன் தானாகவே நின்றுவிடுவாள். பெரிய அனுமாரும், நீண்ட பிராகாரமும் மகனுக்கு. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும்போது இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த வீதிகளில்கூட நடக்க உரிமையில்லாதவர்கள் இருந்தார்கள். 1926 இலும் 1930 இலும் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கதவு அனைவருக்கும் திறந்தது. சுசீந்திரத்துக்கும் முனைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள சாமித்தோப்பு, அதே மாவட்டத்தில் 1809 முதல் 1851 வரை வாழ்ந்து சமத்துவத்தைப் போதித்த அய்யா வைகுண்டரின் பதி, அதாவது வழிபாட்டிடம். தலைப்பாகை கட்டி, கண்ணாடியைப் பார்த்து வழிபடும் முறை அங்கே உண்டு. தலைப்பாகை கட்டவும் மேலாடை அணியவும் தடுக்கப்பட்டிருந்த மக்கள் அப்படி நிமிர்ந்து வழிபட்டார்கள்.

அம்மாவுக்கான பதில்: தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மார்ஷல் நேசமணி முன்னின்ற போராட்டம் அது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச்சூடு நடந்து பலர் உயிரிழந்தனர். செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. சிதறாலுக்கும் பார்த்திவசேகரபுரத்துக்கும் செல்லும்போது புதுக்கடையையும் மார்த்தாண்டத்தையும் கடந்துதான் செல்வீர்கள். தேநீர்க்கடையில் ஒரு நிமிடம் நின்றால், ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் பெரியவர்களை அம்மாவே கேட்கலாம்.

ஆக, முதல் நாள் உதயகிரி, பத்மநாபபுரம், மாலையில் முட்டம். இரண்டாம் நாள் விடியலில் சிதறால், பிறகு திருவட்டாறு. கோயில் நடை மதியம் சாத்துவதற்கு முன் தரிசனம் முடிந்துவிட வேண்டும். மாத்தூரை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலை சுசீந்திரம், வட்டக்கோட்டை, பிறகு முனை. திருவள்ளுவர் சிலை 133 அடி. அதில் 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு என்பதைப் படகில் செல்லும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் பாறைக்கும் சிலைக்கும் இடையே நடந்தே செல்லலாம். படகு வரிசை நீளமானது, அம்மாவால் நிற்க முடியாதென்றால் அவரைக் கரையில் காந்தி மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டுச் செல்லுங்கள். கடற்காற்று அங்கே நன்றாக வரும். ரயிலுக்குக் கிளம்பும் முன் நாகர்கோவிலில் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பொரித்து எடுத்த சூட்டில் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள், மூடி வைக்காமல் ஆற விட்டுப் பிறகு கட்டுங்கள்.